இன்னொரு பொட்டலம்

கருப்பர் கோயில் பூசாரி சோணைமுத்து தட்டிலிருந்த இரண்டு பொட்டலங்களில் ஒன்றை எடுத்துப் பிரித்தார். உள்ளே செவ்வரளி இருந்தது. "உத்தரவு வந்துருச்சுப்பா" என்றார். வள்ளிக்கண்ணுவின் புருஷன் ஆசைத்தம்பி கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவருடைய தம்பி கார்த்திகேய சிவம் பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவனைப் போல நிமிர்ந்து நின்றான். வள்ளிக்கண்ணுவும் கும்பிட்டாள். எதற்குக் கும்பிடுகிறோம் என்பதுதான் தெரியவில்லை. ஆபரேசனுக்கு முந்தி சிவப்பும் வெள்ளையுமாகப் பூப்போட்டுப் பார்த்துவிடுவோம் என்று அண்ணனும் தம்பியும் காலையிலேயே அவளைக் கிளப்பிக் கொண்டுவந்திருந்தார்கள். செய்யலாமா வேண்டாமா என்று சாமியிடம் கேட்கிறார்கள் போல என்று அவள் நினைத்திருந்தாள்.

"முழுசா எடுத்துரச் சொல்லிட்டாருண்ணே கருப்பர். இனி யோசனையே வேணாம்" என்றான் கார்த்திகேய சிவம்.

"வெள்ளைப் பூ வந்திருந்தா?" என்று கேட்டாள் வள்ளிக்கண்ணு.

அண்ணனும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "கட்டிய மட்டும் எடுத்துட்டுக் கரண்டு வைக்கிறது. டாக்டரு ரெண்டுல எதுன்னாலும் சரின்னாரு" என்றார் ஆசைத்தம்பி. "அதெல்லாம் உனக்கெதுக்கு? போட்டுக் கொழப்பிக்கிட்டு."

தன் மாருக்கு இரண்டு வழி இருக்கிறது என்ற சேதி நாற்பத்தொன்பது வயதில் அவளுக்கு இப்படி வந்து சேர்ந்தது. குளிக்கும்போது கட்டியைத் தடவிக் கண்டுபிடித்தது அவள். ஊசி குத்திச் சதை எடுத்தபோது பல்லைக் கடித்தது அவள். ரிசல்ட் வந்த அன்றைக்கு மட்டும், "நீங்க வெளிய உக்காருங்கம்மா" என்றார் டாக்டர். அண்ணனும் தம்பியும் உள்ளே அரைமணி நேரம் இருந்தார்கள். வெளியே வந்து, "ஆபரேசன் பண்ணணுமாம்" என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிட்டார்கள். அரைமணி நேரம் பேசியதில் அவள் பங்குக்கு வந்தது அவ்வளவுதான்.

வள்ளிக்கண்ணு சாக்கோட்டையில் ஜாக்கெட் தைப்பவள். கழுத்து எவ்வளவு இறக்கம், கொக்கி முன்னாலா பின்னாலா, லைனிங் வேண்டுமா என்று பத்துக் கேள்வி கேட்காமல் கத்திரியை எடுக்கமாட்டாள். ஆசைத்தம்பியும் லேசுப்பட்டவரில்லை. தச்சு வேலைக்குப் போகும் இடத்தில், கதவுக்குத் தேக்கா வேங்கையா என்று அந்த வீட்டு அம்மாவிடம் ஒரு மணி நேரம் விளக்காமல் உளியைத் தொடமாட்டார். ஊரான் வீட்டுக் கதவுக்கு இருக்கும் மரியாதை சொந்தப் பெண்டாட்டிக்கு இல்லை.

"கரண்டுன்னா, அந்த ரேடியேசன், அஞ்சு வாரம் டெய்லி மதுரைக்குப் போகணும் மதினி" என்றான் கார்த்திகேய சிவம். "கூட யாரு அலையிறது? அதுவுமில்லாம, இந்த வயசுல அது இருந்து என்ன ஆகப்போகுது?"

அவள் அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். அவளைவிட இரண்டு வயது மூத்தவன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மீசைக்குச் சாயம் பூசுகிறவன். போன மாதம்தான், தலையில் நாலு மயிர் நடுவதற்கு மதுரையில் மூன்று ஆஸ்பத்திரி ஏறி இறங்கி, எது நல்லது, எது வலிக்காது என்று விசாரித்துவிட்டு வந்திருந்தான். மயிருக்கு மூன்று ஆஸ்பத்திரி, மாருக்கு ஒரு அரளிப்பூ. நாக்கு நுனிவரை வந்ததைக் கோயிலாயிற்றே என்று விழுங்கினாள். தட்டில் மிச்சமிருந்த இன்னொரு பொட்டலம் யார் காலிலாவது மிதிபடுமே என்று அதை எடுத்துப் பர்சுக்குள் போட்டுக்கொண்டாள்.

அன்றைக்கே பதினொரு மணிக்குக் காரைக்குடி ஆஸ்பத்திரியில் முடிவைச் சொல்ல வேண்டும். காத்திருக்கும் இடத்தில் கார்த்திகேய சிவம் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு, "ஃபுல் ரிமூவல்தான், சேஃப்" என்று யாருக்கோ டாக்டர் பட்டம் வாங்கியவனைப் போலச் சொல்லிக்கொண்டிருந்தான். டோக்கனைத் தேடிப் பர்சைத் துழாவியபோது பொட்டலம் கையில் தட்டுப்பட்டது. நூல் சுற்றியிருந்த லட்சணமே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. பிரித்தாள்.

செவ்வரளி.

பூவை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு உள்ளங்கையோடு புருஷன் முன்னால் நீட்டினாள். "இதுலயும் செவப்புத்தான் இருக்கு."

ஆசைத்தம்பி தரையைப் பார்த்தார். "தம்பிதான் கட்டுனான். நாளைக்கு கிருஷ்ணப்ரியா வந்து கேட்டா, சாமி உத்தரவுன்னு சொல்லிக்கலாம்னு... உனக்கும் ரெண்டு நெனப்பு வேணாமேன்னு..."

"எனக்கா? எனக்குத்தான் ஒண்ணுமே தெரியாதே. கருப்பருக்கு ரெண்டு நெனப்பு வந்துறக் கூடாதுன்னு கட்டியிருக்கீக."

அவளுக்கு அழுகை வரவில்லை. அருவருப்பாக இருந்தது. பயமாக இருக்கிறது வள்ளி, மதுரைக்கு அலைய முடியாது வள்ளி என்று இந்த மனுசன் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பாள். கோயம்புத்தூரில் இருக்கும் மகள் கிருஷ்ணப்ரியாவின் ஒரு கேள்விக்குப் பயந்து, கருப்பரைப் பொய்சாட்சிக்கு இழுத்திருக்கிறார்கள். இருபத்தேழு வருசம் இந்தக் கோழைக்குத்தான் முதல் கரண்டிச் சோறு போட்டோம் என்று நினைத்தபோது, தன்மீதே கோபம் வந்தது.

"வள்ளிக்கண்ணு" என்று நர்ஸ் பெனாசிர் கூப்பிட்டாள். பழக்கதோஷத்தில் ஆசைத்தம்பி எழுந்தார். கார்த்திகேய சிவமும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"நீங்க ரெண்டு பேரும் வெளிய உக்காருங்க" என்று சொல்லிவிட்டு வள்ளிக்கண்ணு உள்ளே போனாள்.

டாக்டர் அவள் தலைக்கு மேலே கதவைப் பார்த்தார். "வீட்டுக்காரர் வரலையாம்மா? அவர்கிட்ட எல்லாம் விளக்கமா சொல்லியிருக்கேனே."

"கட்டி அவரு மாருல இல்ல டாக்டர். என் மாருல இருக்கு."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இவ்வளவு படித்தவருக்கும் அது புதுச் சேதியாக இருந்தது போல. "லேடீஸ் பயந்துருவாங்கன்னுதான் வீட்டு ஆளுங்ககிட்ட..."

"பயப்படுறதையும் நானே பயந்துக்கிறேன். எங்கிட்டச் சொல்லுங்க."

டாக்டர் ஒரு தாளை எடுத்து வட்டம் போட்டார். அதற்குள் ஒரு புள்ளி வைத்தார். புள்ளியைச் சுற்றிக் கோடு இழுத்து, கட்டியோடு சேர்த்துச் சுற்றிலும் கொஞ்சம் நல்ல சதையையும் எடுப்பது பற்றிச் சொன்னார்.

"ஓரம் விட்டு வெட்டுவீக."

"ஆமா." முதன்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஓரம் சுத்தமா இல்லேன்னா?"

"டெஸ்ட்ல தெரியும். அப்ப மறுபடி ஒரு தடவை வெட்ட வேண்டியிருக்கும். அப்புறம் கரண்டு. முழுசா எடுத்துட்டா உங்களுக்குக் கரண்டு அநேகமா தேவைப்படாது. ஆனா அது வேற மாதிரிக் கஷ்டம்."

"ஆயுசு எதுல கூட?"

"உங்களுக்குக் கட்டி சின்னதும்மா. ரெண்டுலயும் ஆயுசு ஒண்ணுதான்."

"இத அவுககிட்டச் சொன்னீகளா?"

"சொன்னேனே."

கதவின் மங்கிய கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு தலைகள் ஒட்டிக்கொண்டு நின்றன. வள்ளிக்கண்ணு ஸ்டூலை நகர்த்திப் போட்டு, அவற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"அந்த இன்னொண்ணையும் வரைஞ்சு காட்டுங்க" என்றாள்.

ஃபேன் காற்றில் தாள் எழும்பியது. பர்சிலிருந்த இஞ்ச் டேப்பை எடுத்துச் சுருள் பிரியாமல் அதன் ஓரத்தில் வைத்தாள். டாக்டர் தன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தி, இரண்டாவது வட்டத்தைப் போட ஆரம்பித்தார்.