பிரேக்குக்கு வைத்த பொட்டு

பேக்கரிக்காரம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. மாலையில் வெண்ணெய்க் கட்டியைக் குளிர்பெட்டிக்குள் வைக்கும்போது அதன் முதுகில் கத்தி நுனியால் ஒரு கீறல் போட்டுவிட்டுத்தான் கதவை மூடுவாள். காலையில் கீறல் வைத்த இடத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாவு பிசைகிறவரிலிருந்து தட்டு கழுவுகிறவள்வரை எல்லோருக்கும் விசாரணைதான்.

“உன்கிட்ட வேலை பாக்கிறதும் ஒண்ணு, ஜெயில்ல இருக்கிறதும் ஒண்ணு” என்பார் கணவர். “என்ன, ஜெயில்ல வெண்ணெய் வாசனை வராது.”

“கரையுற பொருள்ங்க. யார் வாயில கரையுதுன்னு பாக்க வேணாமா?”

இப்படிப்பட்டவள் வாழ்க்கையில் கண்ணை மூடிக்கொண்டு செய்த ஒரே காரியம் அந்தக் காரை வாங்கியதுதான். அடர்பச்சை நிறம். இருப்பது இரண்டே இருக்கை. எஞ்சின் முதுகுக்குப் பின்னால். தரையோடு தரையாகப் பதுங்கியிருக்கும், எலியைப் பார்த்த பூனை மாதிரி. அவள் மகளைவிட வயதில் மூத்த வண்டி. ஒரு காலத்தில் பந்தயத்தில் ஓடியதாம். முதல் கியர் மற்ற வண்டிகளைப் போல மேலே இருக்காது. இடப்பக்கம் தள்ளிக் கீழே இழுக்க வேண்டும். காலையில் கிளப்பினால் எண்ணெய் சூடேறும்வரை உறுமிக்கொண்டே நிற்கும். அதற்குள் அவசரப்பட்டு மிதித்தால் இருமும். அவள் பொறுமையாக உட்கார்ந்திருப்பாள். அடுப்பு சூடேறக் காத்திருந்து பழகியவள் அல்லவா.

“பொம்பளைக்குப் போட்டியா வர்றவ சக்களத்தி. எனக்குப் போட்டியா இது வந்திருக்கே, இதை என்னன்னு சொல்றது?” என்று கணவர் அந்தக் காரைச் சுற்றிவந்து கேட்டார்.

“பொறாமைன்னு சொல்லுங்க.”

சிக்கல் ஒன்றே ஒன்று. அந்த வண்டியைத் தொடத் தெரிந்தவர்கள் அந்த ஊரில் இரண்டே பேர். ஆற்றுப்பாலத்தைத் தாண்டிப் பட்டறை வைத்திருந்த அண்ணன் தம்பி. ஊரே அவர்களைப் பெரியவன், சின்னவன் என்றுதான் கூப்பிடும். மற்ற பட்டறைகளில் வண்டியின் மூடியைத் திறந்ததும், கம்ப்யூட்டர் வயரை எங்கே சொருகுவது என்று தேடுவார்கள். தேடிவிட்டு மூடிவிடுவார்கள். அண்ணனும் தம்பியும் கைவிட்டால் வண்டி கொட்டகைக்குள் கிடந்து கோழி அடைய வேண்டியதுதான். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் பயம். பயம் இருக்கிற இடத்தில் சந்தேகம் பாய் விரித்துப் படுத்துக்கொள்ளும்.

அந்தப் பாயை விரித்துக் கொடுத்தவர் வழுக்கை வக்கீல். அவரிடமும் அதே மாடல் வண்டி ஒன்று இருந்தது, வெள்ளை நிறத்தில். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்ரோல் பங்கில் பார்த்துக்கொண்டார்கள்.

“உங்க வண்டியில பிரேக் எப்படி மேடம்?”

“லேசா எண்ணெய் கசியுது. நாளைக்குப் பட்டறையில விடப்போறேன்.”

“எனக்குப் போன மாசம் முன்பக்க காலிப்பர் மாத்திக் கொடுத்தாங்க. புதுசு மாதிரி இருக்கு. இந்த மாடலுக்கு எங்க தேடினாலும் கிடைக்காதாமே, உனக்கு எங்கேருந்துய்யா கிடைச்சுதுன்னு கேட்டேன். பெரியவன் சிரிக்கிறான்.” வக்கீல் குரலைத் தாழ்த்தினார். “நம்மள்ல யாரையோ மொட்டை அடிச்சிருக்கானுங்க.”

“உங்களுக்கு ஏற்கெனவே ஆயாச்சு சார். பாக்கி நான்தான்” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள். முதல் திருப்பத்திலேயே சிரிப்பு போய்விட்டது.

சக்கரத்தோடு சுழலும் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்து வண்டியை நிறுத்துவது காலிப்பர். பிரேக்கின் தாடை என்று வைத்துக்கொள்ளலாம். அவள் வண்டியில் இருந்தவை தொழிற்சாலையிலிருந்து வந்த அசல். போன மாதம் வண்டி அவர்களிடம்தானே கிடந்தது? கார்புரேட்டரைச் சரிசெய்ய என்று வாங்கிக்கொண்டு, இன்று நாளை என்று இழுத்தார்களே. இழுத்தது எதற்காக?

“அவங்க மேல சந்தேகம்னா வண்டியை விடாத” என்றார் கணவர்.

“விடாம? பிரேக்குக்கு நானா மாவு பூசி அடைக்கிறது?”

“அப்போ நம்பு.”

“நம்புறேன். ஆனா பார்த்துக்கிட்டே நம்புறேன்.”

மகள் விட்டுவிட்டுப் போன நகப்பூச்சுப் புட்டி ஒன்று கண்ணாடி மேசையில் கிடந்தது. நல்ல சிவப்பு. கொட்டகைக்குப் போனாள். மூடியைத் திறந்து பேட்டரிக்கு ஒன்று, பற்றவைக்கும் காயிலுக்கு ஒன்று, கார்புரேட்டர்களுக்கு ஆளுக்கு ஒன்று என்று பொட்டு வைத்தாள். ஹாரனுக்கு வைத்தாள். ஸ்டெப்னிக்கு வைத்தாள். பக்கத்தில் கிடந்த ஜாக்கிக்கும் வைத்தாள். குனிந்து, கைக்கு எட்டிய இடத்துக்கெல்லாம் வைத்தாள். காலிப்பர் மட்டும் சக்கரத்துக்குப் பின்னால் மறைந்து கிடந்தது. எட்டவில்லை.

மறுநாள் காலை வண்டியைப் பட்டறையில் விட்டாள்; மதியம் ஒரு பை நிறைய பன்னோடு மறுபடி அங்கே போனாள். வண்டி லிஃப்டில் இடுப்புயரத்துக்கு ஏறி நின்றது. சக்கரங்கள் எல்லாம் கழன்று சுவரோரம் சாய்ந்திருந்தன. இடது முன்சக்கரம் இருந்த இடத்தில் பெரியவன் குனிந்திருந்தான்.

“வாங்கக்கா. சீல் மாத்தியாச்சு. சாயங்காலம் எடுத்துக்கலாம்.”

“பழைய காலிப்பரேதானே தம்பி?”

“பின்ன? உங்களோடது தங்கம்க்கா.”

தங்கம். அந்தச் சொல் அவள் காதில் வேறு மாதிரி விழுந்தது. தங்கத்தை யார்தான் திருட மாட்டார்கள்?

“சூடா இருக்கு. கையக் கழுவிட்டு வந்து சாப்பிடுங்க” என்று பையை நீட்டினாள். பெரியவன் கறுத்த கைகளைப் பார்த்துக்கொண்டு பின்கட்டுக் குழாயடிக்குப் போனான். சின்னவன் உள்ளே போனில் யாருடனோ வாதாடிக்கொண்டிருந்தான். பட்டறையில் வேறு ஆள் இல்லை.

அவள் கைப்பையிலிருந்து நகப்பூச்சுப் புட்டியை எடுத்தாள். காலிப்பருக்கு ஒரு பொட்டு. அதைப் பிடித்திருந்த இரண்டு போல்ட்டுகளின் தலையிலும் ஆளுக்கு ஒன்று. அவற்றையும் மாற்றினால் தெரிய வேண்டுமே. பின்கட்டில் குழாய்ச் சத்தம் நின்றது, அவசரமாக இழுத்தாள். போல்ட் இரண்டிலும் பொட்டு இழுபட்டுக் கோடாகிவிட்டது. பரவாயில்லை என்று மூடினாள். பெரியவன் துண்டால் கையைத் துடைத்தபடி வந்தபோது அவள் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாலையில் வண்டி கைக்கு வந்தது. கசிவு நின்றிருந்தது. சக்கரத்தின் ஆரங்களுக்கு நடுவே எட்டிப் பார்த்தாள். சிவப்பு தெரிந்தது. ‘சரி, தப்பிச்சது’ என்று நினைத்தாள்.

அடுத்த நாள் காலை கணவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு மேட்டுச்சாலையில் ஏறினாள். ஏறும்போது எல்லாம் சுகமாகத்தான் இருந்தது. முதுகுக்குப் பின்னால் எஞ்சின் பாடியது. கணவர்கூடக் கைப்பிடியை விட்டுவிட்டுக் காலை நீட்டினார். இறக்கத்தில் பிரேக்கை மிதித்தாள்.

டொக்.

“என்ன சத்தம்?”

“கேட்டுச்சா உங்களுக்கும்?”

மறுபடி மிதித்தாள். டொக், டொக். ஸ்டீயரிங் வலப்பக்கம் வெட்டி இழுத்தது. கீழே முச்சந்தியில் ஒரு பஸ் திரும்பிக்கொண்டிருந்தது. அவள் இரண்டாவது கியருக்கு இறக்கினாள், எஞ்சின் அலறியது, கைப்பிரேக்கை இழுத்தாள். பஸ்ஸின் பின்பக்க விளம்பரத்தில் சிரித்த பெண்ணின் பல்லை எண்ணிவிடலாம்போல அவ்வளவு நெருக்கத்தில் வண்டி நின்றது.

கணவர் கைப்பிடியிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தார். பிறகு, “உயிர் இருக்குன்னு நினைக்கிறேன். கொஞ்சம் கிள்ளிப் பாரு” என்றார்.

“மாத்திட்டானுங்க! எனக்குத் தெரியும்! தேஞ்சுபோன எதையோ மாட்டி, மேல சிவப்பா பூசியும் வெச்சிருக்கானுங்க. நான் வெச்ச அடையாளத்தைப் பார்த்தே ஏமாத்தியிருக்கானுங்க!”

“என்ன அடையாளம்?”

அவள் முதல் கியரில் ஊர்ந்து ஊர்ந்து பட்டறைக்குப் போனாள். வாசலில் நிறுத்திய வேகத்தில் இறங்கினாள்.

“பெரிய தம்பி! என் காலிப்பர் எங்க?”

“வண்டியிலதாங்கக்கா இருக்கு.”

“இது என்னோடதா? வக்கீல் வண்டியில இருக்கிறது யாரோடது?”

பெரியவன் முகம் மாறியது. “வக்கீலோடது, மோதி நசுங்கின ஒரு வண்டியிலேருந்து எடுத்தது. நசுங்கின வண்டியோடதுன்னு சொன்னா அவர் மாட்டிக்க மாட்டாரு. அதான் சிரிச்சு மழுப்பினேன். நீங்க என்ன கேக்கறீங்க இப்போ?”

“கழட்டிக் காட்டு. அப்புறம் பேசலாம்.”

சின்னவன் வண்டியை லிஃப்டில் ஏற்றி இடது முன்சக்கரத்தைக் கழற்றினான். கழற்றியவன் அப்படியே நின்றுவிட்டான். காலிப்பர் அவளுடையதுதான். அவள் வைத்த பொட்டு அப்படியே இருந்தது. ஆனால் ஒரு போல்ட் பாதிக்கு மேல் வெளியே வந்து தொங்கியது. இன்னொன்று விரலால் தொட்டதும் சுழன்றது.

“ஐயோ” என்றார் கணவர், மெதுவாக.

பெரியவன் தம்பியைப் பார்த்தான். “முறுக்காமலா சக்கரத்தை மாட்டின?”

“நீதான் முறுக்கி வெச்சிருந்த.”

“நான் கையால பூட்டிட்டுக் கையக் கழுவப் போனேன். வந்தப்போ வாசல்ல கஸ்டமர் நின்னாரு, பேசப் போயிட்டேன். திரும்பி வந்தா நீ சக்கரத்தையே மாட்டியிருந்த. நீ முறுக்கிட்டேன்னு நினைச்சேன்.”

“கோடு இருந்துச்சுண்ணே!”

“எந்தக் கோடு? நான் போடவே இல்லையே!”

“இதோ பாரு, சிவப்பா! போல்ட்டை முறுக்கினா தலையில சிவப்புக் கோடு, முறுக்காட்டி கோடு இல்ல. கோடு போட்டதுல அடுத்தவன் ரெஞ்ச் வைக்கக் கூடாது. இதுதானே நம்ம பேச்சு? இத்தனை வருஷத்துல நான் மீறியிருக்கேனா?”

“போடாத கோட்டைப் போட்டேன்னு என் தலையில கட்டாத. மறந்துட்டேன்னு சொல்லு, போதும். இப்பப் பொய் வேறயா?”

“நான் பொய் சொல்றேனா?”

“வாய மூடுடா. ஒரு ஆளு செத்திருப்பாங்க.”

சின்னவன் கையுறையைக் கழற்றி எண்ணெய்த் தகரத்தின் மேல் வைத்தான். நிதானமாக வைத்தான், அதுதான் பயமாக இருந்தது. “சரிண்ணே. பட்டறை உன்னோடதே இருக்கட்டும். நம்பாத இடத்துல எனக்கு வேலை இல்ல.”

பேக்கரிக்காரம்மா கைப்பைக்குள் இருந்த புட்டியைத் தொட்டுப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் இருவரும் அவள் வண்டியைத் தொட மாட்டார்கள்; பேசாமல் இருந்தால் வண்டி பிழைக்கும். பெரியவன் ஒருவனே போதும். சின்னவன் கதவுவரை போய்விட்டான்.

“நான்தான் வெச்சேன்” என்றாள்.

யாரும் திரும்பவில்லை. அவள் இன்னும் சத்தமாகச் சொன்னாள்: “அந்தச் சிவப்பை நான்தான் வெச்சேன். நீங்க கையக் கழுவப் போனப்போ.”

பெரியவன் அவளைக் கூர்ந்து பார்த்தான். “வேணாம்க்கா. அவனைக் காப்பாத்த நீங்க பொய் சொல்லாதீங்க.”

“பொய் இல்லப்பா!”

“போல்ட் தலையில நீங்க எதுக்குக் கோடு போடணும்? உங்களுக்கு என்ன வந்துது?”

அவள் கைப்பையைத் திறந்து புட்டியை நீட்டினாள். பெரியவன் நம்பாமல் முகர்ந்தான். அவள் விட்டபாடில்லை. வண்டியின் பின்மூடியைத் திறந்தாள். “இங்க பாரு, பேட்டரியில. இதோ காயில்ல.” பெரியவன் விளக்கைப் பிடித்தான். சின்னவன் கதவருகிலிருந்து மெல்லத் திரும்பி வந்தான். ஒவ்வொன்றாகத் தெரிந்தது. கார்புரேட்டர், ஹாரன், ஸ்டெப்னி.

“ஜாக்கிக்குமா!” என்றான் சின்னவன்.

“வீட்டுல என் நெத்தியைக் கொஞ்சம் பாத்துக்கணும்” என்றார் கணவர். யாரும் சிரிக்கவில்லை.

“எங்களைத் திருடன்னு நினைச்சிருக்கீங்க” என்றான் பெரியவன்.

“ஆமா.”

வக்கீலை இழுக்கலாம், நாக்குவரை வந்தது. விழுங்கினாள்.

பெரியவன் தம்பி பக்கம் பார்க்காமலே, “ரெஞ்சை எடு” என்றான்.

“எதுக்கு? பொய் சொல்றவன் கையாலயா?”

“எடுடா. சொன்னது தப்புதான்.”

சின்னவன் எடுத்தான். உடனே கொடுத்துவிடவில்லை, கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்து, பிறகு கொடுத்தான்.

பெரியவன் ஒரு தின்னர் டப்பாவையும் கந்தல் துணியையும் பேக்கரிக்காரம்மாவின் கையில் வைத்தான். “எல்லாத்தையும் நீங்களே அழிங்க. ஒண்ணு மிச்சம் இருந்தாலும் நாளைக்கு எங்க கண்ணு ஏமாந்துடும்.”

அவள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, சக்கரம் வைத்த பலகையில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போனாள். துடைத்தாள். கண்ணில் துரு விழுந்தது. சின்னவன் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நீ போய் உன் வேலையைப் பாரேன் தம்பி. இப்படி முறைச்சுக்கிட்டு இருந்தா எனக்குக் கையே ஓடல.”

“பாக்கத்தான்க்கா வேணும்.”

வெளியே வந்து, “அவ்வளவுதான். முடிஞ்சுது” என்றாள்.

பெரியவன் விளக்கை எடுத்துக்கொண்டு முன்பக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தான். அவளுக்குச் சுருக்கென்றது. “சொன்னா நம்ப மாட்டீங்களா?” என்று கேட்க வாயைத் திறந்து, கேட்காமல் மூடினாள்.

ஸ்டீயரிங் தண்டின் முனையில் விளக்கு நின்றது. அங்கே ஒரு போல்ட்டின் தலையில் மங்கலாகச் சிவப்பு.

“இது உங்களோடதா, எங்களோடதா?”

அவள் எட்டிப் பார்த்தாள். கொட்டகையில் குனிந்து கை எட்டிய இடம் அங்கே வருமா? வரும்போலவும் இருந்தது, வராதுபோலவும் இருந்தது. ஆமாம் என்றால் ஒரு துடைப்போடு முடிந்துவிடும். வண்டியும் வீடு போய்ச் சேரும்.

“தெரியலப்பா” என்றாள்.

“சின்னவனே, உனக்கு?”

“எனக்கும் தெரியலண்ணே.”

“அப்போ கழட்டு” என்றான் பெரியவன். “இது மட்டும் இல்ல, மொத்தமும். முதல்லேருந்து பூட்டலாம்.”

அவள் கணவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சுவரோரம் இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். அண்ணன் ஒரு பக்கமும் தம்பி ஒரு பக்கமுமாகக் குனிந்தார்கள். ஒருவன் முறுக்கியதை மற்றவன் ரெஞ்ச் வைத்துச் சரிபார்த்தான், கோடு இருந்தும்.