வெள்ளிக்கிழமை மறையும் ரயில்

ஒஸ்லோ கட்டுப்பாட்டு அறையின் திரையில் ஒரு ரயில் அடிக்கடி காணாமல் போனது. வெள்ளிக்கிழமைகளில் மட்டும், அதுவும் மலைமேல் ஏறும்போது மட்டும். ஸ்குக்கெதால் கிளைப்பாதையின் மூன்றாம் பகுதிக்குள் ரயில் நுழைந்ததும் திரையில் சிவப்புக் கோடு எரியும். சில நொடிகளில் அணையும். மறுபடி எரியும், மறுபடி அணையும். ரயிலோ பத்திரமாக ஓடிக்கொண்டிருக்கும்.

“உன் பேய் வண்டி வருது, சிவா,” என்பான் ஆன்ட்ரியாஸ். திரை முன் உட்கார்ந்து ரயில்களை அனுப்புவது அவன் வேலை. சைகைப் பொறியாளனான எனக்கு, அந்தக் கோடு ஏன் அணைகிறது என்று கண்டுபிடிப்பது வேலை. ஏழு வாரமாக என்னால் முடியவில்லை.

அந்தக் கோடு எரியும் விதம் எளிது. இரண்டு தண்டவாளங்களில் ஒன்றின் வழியே சிறிய மின்சாரத்தை அனுப்புகிறோம். அது பகுதியின் மறுமுனையில் இருக்கும் ரிலே என்ற மின்காந்தச் சுவிட்சைத் தூக்கிப் பிடித்துவிட்டு, அடுத்த தண்டவாளம் வழியே திரும்பி வரும். ரிலே மேலே நின்றால் பாதை காலி. ரயில் வந்தால் அதன் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளங்களையும் இணைத்துவிடும். மின்சாரம் அந்தக் குறுக்கு வழியில் திரும்பிவிடும், ரிலே கீழே விழும், கோடு சிவக்கும். இதில் எனக்குப் பிடித்தது ஒன்றுண்டு. கம்பி அறுந்தாலும், தண்டவாளம் உடைந்தாலும், மின்சாரம் போனாலும் ரிலே விழத்தான் செய்யும். எது கெட்டாலும் ‘ரயில் இருக்கிறது’ என்றே சொல்லும். இல்லாத ரயிலை அது இருப்பதாகச் சொல்லலாம். இருக்கும் ரயிலை இல்லை என்று சொல்லக் கூடாது. இந்தப் பாதையில் அதைத்தான் சொன்னது.

ரிலேயை மாற்றினேன். கேபிளை மாற்றினேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதே ரயிலில் மேலே போய், இரண்டு தண்டவாளங்களையும் சோதனைக் கம்பியால் இணைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ரிலே ஒழுங்காக விழுந்தது.

முப்பத்தொரு கிலோமீட்டர் பாதை, ஏழு குகைப்பாதைகள். மலைமேல் இருந்த கற்பலகைச் சுரங்கத்துக்காக நூறு வருடத்துக்கு முன் போட்டார்கள். கல் ஏற்றிய கனமான வண்டிகள் பகலும் இரவும் இறங்கின. சுரங்கத்தை மூடிய பிறகு பயணிகள் வண்டி மட்டும் மிஞ்சியது. நாளுக்கு ஆறு நான்காகி, நான்கு இரண்டாகி, இப்போது வெள்ளிக்கும் ஞாயிறுக்கும் மட்டும் ஒற்றைப் பெட்டி டீசல் வண்டி ஒன்று கீழிருந்து மேலே போய்வருகிறது. கோளாறு தீராவிட்டால் பாதையை மூடுவதாகப் பேச்சு இருந்தது.

மூடினால் முதலில் அடிபடுவது வண்டியின் ஓட்டுநர் குலசேகரம். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பத்தொன்பது வயது. வடகோடித் துறைமுகமான பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டி, பிறகு ரயில் ஓட்டப் படித்து, பதினேழு வருடமாக மேல் நிலையத்தின் மாடி வீட்டில் தனியாக இருந்தார். வீடு ரயில்வேயுடையது. வண்டி நின்றால் வீடும் இல்லை.

“மகன் ஒஸ்லோவுக்கு, புருசெத்துக்கு வரச் சொல்லுறான்,” என்றார் ஒரு முறை. “நாலாம் மாடி. ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டு ஜன்னல். எனக்கு இன்னும் மூண்டு வருஷம் ஓடினால் போதும், தம்பி.”

“கண்டுபிடிச்சிடுவேன் சார்.”

“சார் எண்டு சொல்லாதேங்கோ. நானென்ன வாத்தியோ?”

நவம்பர் கடைசி வெள்ளியன்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். ஈரப்பனி கொட்டியது. மூன்றாம் பகுதியில், மேல் நிலையத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால், ஒரு தெரு பாதையைக் கடக்கிறது. ரயில் நெருங்குவதை அதே ரிலேதான் தடுப்புக்கட்டைக்குச் சொல்லும். எங்கள் கண்ணெதிரே, இறங்கியிருந்த கட்டை மெதுவாக மேலே எழுந்தது. நின்றிருந்த டிராக்டர், வழி கிடைத்துவிட்டது என்று பாதைமேல் ஏறியது.

குலசேகரம் பிரேக்கை முழுக்கப் போட்டார். டிராக்டரின் பின்சக்கரம் தண்டவாளத்தைத் தாண்டிய இடத்துக்கு பன்னிரண்டு அடி முன்னால் நின்றோம். டிராக்டர் தாண்டிப் போனபிறகு அவர் மெதுவாக வண்டியை எடுத்தார்.

மேலே போய்ச் சேர்ந்ததும் நான் ஒஸ்லோ நிர்வாகத்துக்கு மின்னஞ்சலில் கடிதம் எழுதினேன்: காரணம் தெரியும்வரை இந்தப் பாதையில் ரயில் ஓடக் கூடாது. வேறு எதையும் எழுதியிருக்க முடியாது.

அன்று மாலையே மலைத்தெருவையும் பனி மூடிவிட்டது. நான் அவர் வீட்டிலேயே தங்கினேன். தினமும் மூன்றாம் பகுதிக்கு நடந்துபோய் சோதனைக் கம்பியைப் பூட்டினேன். சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன்: ரிலே விழுந்தது, விழுந்தது, விழுந்தது.

“ஒரு வருத்தமும் இல்லாத ஆளை டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போறமாதிரிக் கிடக்கு,” என்றார் குலசேகரம்.

வியாழனன்று சோதனைக் கம்பியின் திருகு மரை தேய்ந்து பிடிக்காமல் போனது. அது தண்டவாளத்தைப் பல்லால் கவ்வி, திருகி இறுக்கும் வகை. வேறு வழியில்லாமல், பனி வெட்டும் கடப்பாரையை இரண்டு தண்டவாளங்களுக்கும் குறுக்கே படுக்க வைத்தேன். அவர் ரிலே இருக்கும் குடிசைக்குள் நின்றார். தொலைபேசியில் கேட்டேன்.

“விழுந்துச்சா?”

“இல்லை.”

“இப்போ?”

“அது அசையேல்லை, தம்பி. சரியாய் வைச்சனீங்களோ?”

குனிந்து பார்த்தேன். தண்டவாளத்தின் தலை பழுப்பாக இருந்தது. ஏழு வாரத்தில் அதை நான் அந்த நிறத்தில் பார்த்ததேயில்லை. எப்படிப் பார்த்திருப்பேன்? ஒவ்வொரு வெள்ளியும் அந்த ரயிலிலேயே வந்தேன். நான் இறங்குவதற்குள் அதன் சக்கரங்கள் துருவைத் தேய்த்துவிட்டன. இந்த வாரம் நடந்து வந்தபோதோ, பனிக்குள் சோதனைக் கம்பியைப் பூட்டிய இடத்தை மட்டுமே பார்த்தேன்; அங்கிருந்த துருவை அதன் பற்கள் சுரண்டிவிட்டன. எங்கே சோதித்தேனோ அங்கே நோயை நானே துடைத்துவிட்டுச் சோதித்தேன்.

கையுறையில் மணலை எடுத்து, கடப்பாரை கிடந்த இடத்தைத் தேய்த்தேன்.

“விழுந்திட்டுது,” என்றார் அவர். கொஞ்சம் பொறுத்து, “அப்ப, துருவோ? வெறும் துருவோ?”

வெறும் துருதான். துரு மின்சாரத்தை விடாது. கல் வண்டியின் கனம் அதை நொறுக்கும். ஒற்றைப் பெட்டியின் கனம் போதாது. ஐந்து நாள் ஈரத்தில் ஊறிய துருவின் மேல் அது மிதந்துதான் போகும்; சக்கரங்கள் உருண்டு கடந்த பிறகுதான் துரு தேய்ந்திருக்கும், அதனால் இறங்கும்போது கோளாறு இல்லை. ஞாயிற்றுக்கிழமைத் துருவுக்கு வயது இரண்டு நாள்தான், அதனால் ஞாயிறுகளிலும் கோளாறு இல்லை. ரயிலைக் குறைத்தோம், துரு ஏறியது. துரு ஏறியது, கோடு அணைந்தது. கோடு அணைந்தது, நம்பகமில்லாத பாதை என்று இன்னும் குறைத்தோம். கடைசியில் நானும் கடிதம் எழுதி அடியோடு நிறுத்தினேன்.

அங்கிருந்தே ஒஸ்லோவுக்கு, என் மேலதிகாரி யூலியாவுக்குப் பேசினேன். கண்டுபிடித்துவிட்டேன் என்றேன்.

“நேற்றே முடிவு செய்துவிட்டார்கள், சிவா. பாதையை மூடுகிறோம். உன் கடிதத்தைத்தான் கூட்டத்தில் வாசித்தார்கள். ரொம்பத் தெளிவாக இருந்தது.”

“துருதான் காரணம். சரிசெய்யலாம்.”

“எப்படி?”

“நிறைய ரயில் ஓட்டணும்.”

அவள் சிரிக்கவில்லை. “வாரத்தில் இரண்டு நாள் ஓடும் வண்டியிலேயே ஏற ஆள் இல்லை,” என்றாள் மெதுவாக. “கடிதத்தைத் திரும்பப் பெற நினைக்கிறாயா? அந்த டிராக்டரை மறந்துவிட்டு?”

என்னால் முடியாது. எழுதிய ஒவ்வொரு சொல்லும் உண்மை. துரு இருக்கும்வரை அந்தத் தடுப்புக்கட்டை யாரையாவது கொல்லும்.

குலசேகரம் குடிசை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் போனை வைத்ததும், “மூடுறாங்களோ?” என்றார்.

“ஆமா அண்ணே. என் கடிதத்தாலதான்.”

“உண்மையைத்தானே எழுதினனீங்கள்.” கடப்பாரையை எடுத்துத் தோளில் போட்டார். “அண்டைக்கு அந்த டிராக்டர்ப் பெடியன்ரை முகத்தை நானும் பாத்தனான்.” வீட்டை நோக்கி முன்னால் நடந்தார்.

அடுத்த வாரம், தெருவைக் கடக்கும் இடத்தில் சிவப்புக் கொடியுடன் ஒருவரை நிறுத்திவிட்டு, காலி வண்டியைக் கீழே கொண்டுவந்தோம். மாடி வீட்டுச் சாமான்கள் பயணிகள் இருக்கையில் பெட்டி பெட்டியாக இருந்தன. நான் பின்ஜன்னலில் நின்றேன். முன்னால் பழுப்பாகக் கிடந்த பாதை, எங்களுக்குப் பின்னால் இரண்டு மெல்லிய வெள்ளைக் கோடுகளாக நீண்டது. பனி அதன்மேல் விழத் தொடங்கியிருந்தது.

ஒஸ்லோ அலுவலகத்தில் அறிக்கைப் படிவம் காத்திருந்தது. பாதை மூடப்பட்டாலும் கோளாறை முடித்துவைக்க வேண்டும். காரணம் என்ற இடத்தில் ‘துரு’ என்று எழுதினேன். தீர்வு என்ற இடம் காலியாக இருந்தது. ஆன்ட்ரியாஸ் எட்டிப் பார்த்து, “இனி யார் அதைப் படிக்கப் போகிறார்கள்?” என்றான்.

நிரப்பினேன்: தினமும் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என இரண்டு கனமான ரயில்கள் இந்தப் பாதையில் ஓட வேண்டும்.