கீறல் இல்லாத பாறை

"வெடிக்கு நம்ம ஊர்ல என்ன பஞ்சம், மேடம்? கம்பெனி கட்டும்போது அஸ்திவாரக் குழிக்கு ஒரு தோட்டா வச்சுத் தகர்த்தோம். மளமளன்னு முடிஞ்சு போச்சு!"

கொத்தனார் முனியராஜ் பெருமையாகத்தான் சொன்னார். வாசல் நீட்டிப்பு வேலையைப் பார்க்க வந்த வேல்விழி கையிலிருந்த வரைபடத்தைச் சட்டென்று விரித்துப் பார்த்தாள்.

மல்லாங்கிணறு பொட்டலில் நின்ற அந்த அட்டைப்பெட்டிக் கம்பெனிக்கு அஸ்திவாரக் கணக்குப் போட்ட இன்ஜினியர் அவள். தகரக் கூரை, லேசான கட்டடம். ஆடிக்காற்று அடியில் புகுந்தால் குடையைப் போல மொத்தத்தையும் தூக்கிவிடும். தூக்கவிடாமல் பிடித்துக்கொள்ள வேண்டியது தூண்களுக்கு அடியிலிருக்கும் பாறை. கம்ப்யூட்டரில் அவள் வரைந்த பாறையில் ஒரு கீறல் கிடையாது. வெடி வைத்தாலோ குழியைச் சுற்றிப் பாறை விரிசல் விட்டுப் பிடியை இழந்துவிடும். மெஷின் வைத்துத்தான் குடைவார்கள் என்று நினைத்துவிட்டாள். வெடி வைக்காதீர்கள் என்று வரைபடத்தில் ஒரு வரி எழுதவில்லை. சிவகாசிப் பக்கம் பிறந்தவளுக்கே தோன்றவில்லை என்றால் யாரை நோவது?

உள்ளே அவள் அம்மா பொன்மணி மற்ற பெண்களோடு அட்டை மடித்துக்கொண்டிருந்தாள். வருஷக்கணக்காகப் பட்டாசு மருந்தில் கிடந்தவளை, "இங்கன மருந்தே கிடையாதும்மா, நான் போட்ட அஸ்திவாரம்" என்று கெஞ்சி இந்த வேலையில் சேர்த்துவிட்டதே வேல்விழிதான்.

நீட்டிப்புக்கென்று கம்பெனி கட்டும்போதே போட்ட அஸ்திவாரம் ஒன்று, தூண் ஏறாமல் வெறும் கம்பியோடு நின்றது. பாறை பிடிக்கிறதா என்று அதை மேலே இழுத்துப் பார்த்தே ஆக வேண்டும் என்றாள். முதலாளி ராஜபாண்டியன் முகம் சுளித்தார்.

"சீசன் நேரத்துல இது வேறயா? சரி, இழுத்துப் பாருங்க. பாறை எங்கன போயிரும்?"

ஜாக்கியைக் கொண்டுவந்து பொருத்தினார்கள். முனியராஜ் பிடியை அழுத்த அழுத்த, இழுவிசையைக் காட்டும் முள் ஏறியது. ஏறு, ஏறு என்று வேல்விழி மனதுக்குள் இருக்கன்குடி மாரியைக் கும்பிட்டாள். மேலே தகரம் காற்றில் படபடத்தது. அவள் கணக்கில் பாதியைத் தொடுவதற்குள் முள் சரிந்தது. கான்கிரீட்டைச் சுற்றிப் பாறை வட்டமாகப் பிளந்து, தோசை ஓரம் போல மேலெழும்பியது.

"மத்த தூணெல்லாம்?" என்றார் முதலாளி. குரல் இறங்கியிருந்தது.

"எல்லாக் குழியும் ஒண்ணு போலத்தான் எடுத்தோம், முதலாளி."

வேல்விழி அதற்குள் உள்ளே ஓடியிருந்தாள்.

"அம்மா, எந்திரி. எல்லாரையும் கூட்டிக்கிட்டு வெளிய வா!"

அந்தக் குரல் பொன்மணிக்குப் பழக்கம். மருந்து அறையில் அப்படி யாராவது கத்தினால் ஏன் எதற்கு என்று கேட்டு நிற்கிற வழக்கமில்லை. பக்கத்தில் இருந்தவர்களைத் தட்டி எழுப்பி, செருப்பைக்கூடத் தேடவிடாமல் வாசலுக்கு விரட்டினாள்.

வேப்பமரத்தடிக்கு வந்து மூச்சு வாங்கிய பிறகுதான் கேட்டாள்.

"இங்கன மருந்தே கிடையாதுன்னியேடி?"

"நமக்குக் கீள வச்சிருக்காகம்மா" என்ற வேல்விழிக்கு அழுகை வந்துவிட்டது.