துடக்குக் காலம்

"ஆரைக் கேட்டு அவனைக் கூப்பிட்டனீங்கள்?" பத்மலோஜினி கணவரைக் கடிந்தாள். வரவேற்பறையில் மகன் அனுஜனின் கல்யாணத் தாலிக்குப் பொன்னுருக்கல். ஆசாரி கரியடுப்பை மூட்டிக்கொண்டிருந்தார். "அவன்ரை பிள்ளை செத்து ஒன்பது நாள்தான். செத்தவீட்டுத் துடக்குக்காரன் நல்ல காரிய வீட்டுக்கை கால் வைக்கலாமே?"

"அப்ப நீர் இறங்கிக் கழிவுத் தொட்டியைத் திறந்துவிடும்," என்றார் சிவநேசன். கொழும்பு வெள்ளவத்தையிலுள்ள அந்தத் தொடர்மாடிக் குடியிருப்பின் கமிட்டித் தலைவர் அவர்தான். வாகனத் தரிப்பிடத்துக்கு மேலே முதலாம் மாடியிலிருந்த அவர் வீட்டுக் குளியலறையில், காலையிலிருந்து கழிவுநீர் மேலே வந்துகொண்டிருந்தது.

கட்டடத்தின் அடியில் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் தொட்டி இருந்தது. பதினொரு வருடமாக அதைப் பார்த்துக்கொள்பவன் செல்லையா. காற்றடிக்கும் மோட்டர் ஓடினால்தான் அழுக்கு சிதைந்து தண்ணீர் சுத்தமாகும். ஓடினால் சத்தம்; பத்மலோஜினிக்கு மத்தியானத் தூக்கம் போய்விடுமாம். கமிட்டி இரண்டு வருடத்துக்கு முன்பே மோட்டரை நிறுத்திவிட்டது. பக்கக் குழாயைத் திறந்து பின்னாலுள்ள கால்வாயில் விடும்படி செல்லையாவுக்கு உத்தரவு. தினமும் மாலையில் அவன் திறந்தான்.

கால்வாய் வளையும் இடத்தில் பலகை வீடுகள். அதில் ஒன்றுதான் அவனுடையது. மழைக்குக் கால்வாய் பெருகினால் அழுக்கு அங்குள்ள பொதுக்கிணற்றில் இறங்கிவிடும். "மோட்டரப் போடச் சொல்லுங்கய்யா, எங்க கிணத்துத் தண்ணி நாறுது," என்று கமிட்டியிடம் இரண்டு தரம் கேட்டான். "பாப்பம்," என்றார்கள். அன்று மாலையும் வேலை போய்விடுமோ என்று பயந்து குழாயைத் திறந்தான்.

அவன் மகள், ஏழு வயது யதுஷா, வயிற்றோட்டத்தில் மூன்றே நாளில் போய்விட்டாள். "என்ன தண்ணி குடிச்சவ?" என்று டொக்டர் கேட்டார். மனைவி மயிலம்மா செல்லையாவின் கையையே பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவன் செத்திருக்கலாம். அதன்பிறகு அவன் வேலைக்கு வரவில்லை. குழாயைத் திறக்க ஆளில்லாமல் தொட்டி நிரம்பிவிட்டது.

செல்லையா பின்படிக்கட்டால் ஏறி வந்தான். பத்மலோஜினி மஞ்சள் தண்ணீர்க் கிண்ணத்தோடு சமையலறை வாசலை மறித்து நின்றாள்.

"அங்கயே நில். முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழியாமல் இந்த வீட்டில ஒண்டையும் தொடக்கூடாது. கீழ போய்க் குழாயைத் திறந்துவிட்டுட்டுப் போ."

"ஒண்ணையும் தொடக்கூடாதுங்களா?"

"எங்கட வழக்கம் உனக்குத் தெரியும்தானே."

செல்லையா இடுப்பிலிருந்து குழாய் திறக்கும் இரும்புச் சாவியை எடுத்துப் படியில் வைத்தான்.

"அப்ப உங்க வீட்டு அழுக்கையும் நான் தொடக்கூடாதுங்கம்மா. எம்புள்ளயக் கொன்னது இதுதான். தொறந்துவிட்டது நான்." இரண்டு படி இறங்கினான். திரும்பிச் சொன்னான்: "முப்பத்தொண்ணு கழியட்டும். அப்பவும் மோட்டரப் போட்டாத்தான் வருவேன்."

அவன் இறங்கிப் போனான். அவன் நின்ற இடத்தில் பத்மலோஜினி மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை அவளுக்கு. என்ன மனுஷியோ!

உள்ளேயிருந்து ஆசாரி கூப்பிட்டார். குளியலறைத் தண்ணீர் வாசற்படியைத் தாண்டி அடுப்பை நோக்கி வந்துகொண்டிருந்தது. சிவநேசன் ஓடிவந்து சாவியை எடுக்கக் குனிந்தார்.

"தொடாதேங்கோ," என்றாள் பத்மலோஜினி. "அது துடக்கு."