மாடிக்கும் கீழுக்கும் ஒரே லைன்

செண்பகனூரில் அத்தா கட்டிய வீட்டைக் காலித்தும் அவன் தங்கை ஷைமாவும் பிரித்துக்கொண்டார்கள். மாடியில் காலித் லாட்ஜ் நடத்தினான். கீழே ஷைமா இருந்தாள். இன்டர்நெட் லைன் மட்டும் பிரியவில்லை; மாடி ரவுட்டரிலிருந்து கீழே ஒரு வயர் இறங்கியது.

ஷைமாவுக்கு மொழிபெயர்ப்பு வேலை. வெளிமாநில ஆஸ்பத்திரிகளில் டாக்டருக்கும் தமிழ் நோயாளிக்கும் நடுவில், வீட்டிலிருந்தபடியே பேச்சை மாற்றிச் சொல்வாள். சுற்றுலா சீசனில் லாட்ஜ் நிரம்பி எல்லோரும் அதே லைனில் படம் பார்த்தால், அவள் காதில் வார்த்தைகள் விட்டுவிட்டு விழும்.

அன்று மும்பை ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தாய் தன் பிள்ளைக்காகப் பேசினாள். "போன தடவையும் அந்த ஊசிதான் போட்டாங்க..." பிறகு இரைச்சல். "...இப்பவும் அதுவா?"

முன்பே போட்ட ஊசிதானாம் என்று ஷைமா டாக்டரிடம் சொன்னாள். அப்படியானால் போடலாம் என்றார் அவர். ஆனால் அந்தத் தாயின் குரலில் இருந்த நடுக்கம் ஷைமாவை உறுத்தியது. "அம்மா, நடுவுல என்ன சொன்னீங்க?"

"போட்டதும் பிள்ளைக்கு மூச்சு முட்டிருச்சும்மா!"

ஊசி நிறுத்தப்பட்டது. ஷைமா நேரே மாடியேறி நடந்ததைச் சொன்னாள்.

"நூறு எம்பி லைன். இன்னும் என்ன வேணும் உனக்கு?" என்றான் காலித்.

"ஸ்பீடு இல்லண்ணே, வரிசைதான் பிரச்சினை. படம் பாக்கிறவுங்களுக்குப் படம் கொஞ்சம் முன்கூட்டியே வந்து சேந்து கெடக்கும், தாமதமானாலும் தெரியாது. பேச்சு அப்பப்ப வந்தாகணும். லேட்டா வந்த வார்த்தை வீணாப் போயிரும். ரவுட்டர்ல பேச்சை முன்னால விடச் சொல்லலாம். அது எடுத்துக்கிறது கொஞ்சூண்டுதான்."

"லைன் என் பேருல கெடக்கு. என் கெஸ்ட் உனக்குப் பின்னால நிக்கணுமோ? போய் உன் சோலியப் பாரு."

அவன் கடைக்குப் போன சமயத்தில் ஷைமாவே ரவுட்டரில் பேச்சுக்கு முன்னுரிமை கொடுத்தாள். ஒரு வாரம் எந்த அறையிலிருந்தும் புகார் வரவில்லை. ஆனால் ரவுட்டர் செட்டிங்கைத் திறந்து பார்த்தபோது காலித்துக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"திருட்டுத்தனமா கை வச்சிருக்க!" என்று வாசலில் நின்று தெருவே கேட்கக் கத்தினான். பாஸ்வேர்டை மாற்றினான். கீழே போன வயரைப் பிடுங்கினான். லாட்ஜில் ஒவ்வொரு அறையையும், டிவியையும், கேமராவையும் முதல் வரிசையில் போட்டான்.

ஷைமா இன்டர்நெட்காரர்களிடம் தனி லைன் கேட்டு எழுதிக் கொடுத்தாள். வயரைத் தன் மாடி வழியாகக் கொண்டுபோகக் காலித் விடவில்லை. பக்கத்து வீட்டு ஞானவேல் தன் சுவர் வழியாக விட்டார். அதற்காக அவரையும் காலித் திட்டினான். லைன் வரும்வரை அவள் வந்த அழைப்புகளையெல்லாம் மறுக்க வேண்டியிருந்தது, மொழிபெயர்ப்புக் கம்பெனி எச்சரித்தது.

எல்லாமே முதல் வரிசையானதால் லாட்ஜில் வரிசையே இல்லாமல் போனது. அறைகளில் நெரிசல் ஏறியதும் கார்டு மிஷினில் பணம் போகாமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. இணையத்தில் வரும் புக்கிங் அழைப்புகள் பாதியில் அறுந்தன. அறையைக் காலி செய்ய வந்த குடும்பம் ரிசப்ஷனில் கூச்சல் போட்டது.

காலித் கீழே வந்து கதவைத் தட்டினான். "வெரசா வந்து சரி பண்ணிக் குடு."

"மாட்டேன்."

"நீயெல்லாம் கூடப் பொறந்தவளா?"

"வயரப் பிடுங்குனப்ப தெரியலையா அது? அன்னைக்கு ஒரு பிள்ளை செத்திருக்கும்ண்ணே. நீங்க ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"உன் பிள்ளையா அது?"

ஷைமா கதவைச் சாத்தினாள். சரிசெய்ய ஐந்து நிமிடம் கூட ஆகாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் போக மனம் வரவில்லை.

அடுத்த வாரம் காலித் கொத்தனாரைக் கூட்டிவந்து மாடிக்கும் கீழுக்கும் நடுவில் இருந்த உள்படிக்கட்டு வாசலைச் சுவர் எழுப்பி அடைத்தான். செங்கல் ஏறுவதை இந்தப் பக்கமிருந்து ஷைமா பார்த்துக்கொண்டிருந்தாள். தடுக்கவில்லை. அழுகை வந்தது, புது லைனில் அழைப்பும் வந்தது. தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "வணக்கம், சொல்லுங்க" என்றாள்.