ஐந்தாம் நம்பர் பனியன்

எங்கள் கால்பந்து கிளப்பில் வெளியூர் டீமுக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னுடையது. பெற்றோர்கள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் 'தராசு'. முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். காதில் விழாதது போல இருந்துகொள்வேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் நான் கொண்டுவந்த நம்பர் பனியன் முறை. அதற்கு முன்பெல்லாம் லிஸ்ட் ஒட்டிய மறுநாள் என் வீட்டு வாசலில் கூட்டம் கூடும். இவன் செயலாளரின் தங்கை மகன், அவள் கோச்சின் பக்கத்து வீடு என்று ஆளாளுக்கு ஒரு குற்றச்சாட்டு. சலித்துப்போய் ஒரு வழி செய்தேன். தேர்வு நாளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் சட்டைக்கு மேலே ஒரு நம்பர் பனியன். மார்க் போட வெளியிலிருந்து மூன்று கோச்சுகள். எங்கள் பிள்ளைகளில் யாரையும் அவர்களுக்குத் தெரியாது, நம்பர் மட்டும்தான் தெரியும். இரண்டு பாதி ஆட்டத்துக்கும் மார்க் போட்டுக் கூட்டினால் முதல் பதினாறு பேர் டீம். லிஸ்ட் ஒட்டியபின் மாற்றம் கிடையாது. போன வருடம் மகளுக்காகக் கெஞ்சிய ஒரு டாக்டரிடம், "நம்பர்தான் சார் பேசும், நான் பேச மாட்டேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்லி அனுப்பினேன். எவ்வளவு திமிர்!

இந்த முறையில் முதலில் அடிபட்டதும் என் மகள்தான். இரண்டு வருடமும் லிஸ்டில் இல்லை. இரண்டு தடவையும் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்டது. அவள் வயதுப் பிரிவில் இதுதான் கடைசி வருடம்.

பனியன்களைத் துவைப்பது என் வேலை. இந்தத் தடவை அவசரத்தில் பாதியை வெந்நீரில் போட்டுச் சுருக்கிவிட்டேன். யார் கவனிக்கப் போகிறார்கள் என்று அப்படியே எடுத்துப்போய், வரிசையில் வந்தவர்களுக்குக் கொடுத்தேன். நெடுநெடுவென்று வளர்ந்த என் மகளுக்குச் சுருங்கிப்போன ஐந்தாம் நம்பர். அவளுக்குப் பின்னால் நின்ற மிளகுக்கு முழங்கால் வரை தொங்கும் முப்பத்தொன்று.

மிளகு, பேக்கரி அக்காவின் மகள். ஆள் கையளவுதான், காலுக்குப் பந்து வந்தால் பிடிக்க முடியாது. அதனால் அந்தப் பெயர். பேக்கரி அக்கா விடியற்காலையிலேயே அடுப்பு வேலையை முடித்துவிட்டு, சனிக்கிழமை தவறாமல் மைதானத்துக்கு வந்து சுண்ணாம்புக் கோடு போடுவார். யாரும் அவரைக் கேட்டதில்லை.

முதல் பாதியில் என் மகள் சுமார்தான். மிளகு பின்னி எடுத்தாள். இடைவேளையில் தண்ணீர் பாட்டில்களோடு போனபோது, கோல் கம்பத்துக்குப் பின்னால் இருவரும் பனியனைக் கழற்றி மாற்றிக்கொள்வதைப் பார்த்தேன். ஒருத்திக்கு மூச்சு முட்டியது, இன்னொருத்திக்குக் கால் தடுக்கியது. சிநேகிதிகள், மாற்றிக்கொண்டார்கள். அதில் கள்ளம் கபடம் எதுவும் இல்லை. மூன்று கோச்சுகளும் காகிதத்தில் குனிந்திருந்தார்கள். போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். ஆட்டம் முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

இரண்டாம் பாதியில், இப்போது மிளகின் மேல் இருந்த ஐந்தாம் நம்பர் இரண்டு கோல் போட்டது. முப்பத்தொன்று மூச்சு வாங்கிக்கொண்டு பின்னாலேயே நின்றது.

கிளப் அறையில் மார்க்கைக் கூட்டியபோது, பதினாறாவதாக, டீமின் கடைசி இடத்தில் ஐந்து வந்து நின்றது; காலையில் நான் எழுதிய பெயர்ப் பட்டியலில் அது என் மகள். முப்பத்தொன்று அதற்கு அடுத்து, கோட்டுக்குக் கீழே. சொல்வதற்கு வாயைத் திறந்தேன். குளியலறைக் குழாய் ஞாபகத்துக்கு வந்தது. மூடிக்கொண்டேன். பாசம் கண்ணை மறைத்துவிட்டது என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன், எனக்குக் கண் நன்றாகவே தெரிந்தது. என் கையாலேயே லிஸ்டை ஒட்டினேன்.

மகள் துள்ளிக் குதிப்பாள் என்று பார்த்தால், "நான் எப்படிம்மா வந்தேன்?" என்றாள்.

"நம்பர்தான் பேசும்" என்றேன்.

மறுநாள் பேக்கரி அக்கா மிளகின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லைங்க" என்றார். "எங்களுக்கெல்லாம் சிபாரிசு சொல்றதுக்கு யார் இருக்கா? ஆளைப் பாக்காம ஆட்டத்தைப் பாக்குறீங்க, அது போதும். இவ எங்க கோட்டை விட்டான்னு மட்டும் சொல்லிட்டீங்கன்னா, அடுத்த தடவைக்குச் சரி பண்ணிக்குவா."

மிளகு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இல்லாத தப்பை எங்கே போய்த் தேடுவது? மார்க் தாளைப் புரட்டுகிற மாதிரி பாவனை பண்ணினேன். "முதல் பாதி பிரமாதம். ரெண்டாவது பாதியில கொஞ்சம் சோர்ந்துட்டா. ஓட்டம் பத்தலை."

மிளகின் முகம் சுண்டிப்போனது. ஏதோ சொல்ல வந்தவள் அம்மாவைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். அக்கா எனக்கு நன்றி சொன்னார்.

இரண்டு வாரம் கழித்து முதல் வெளியூர் ஆட்டம். காலையில் மகளைக் காரில் ஏற்றிக்கொண்டு டீம் பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். வழியில் மைதானம். பனி ஈரம் காயாத புல்லில் யாரோ தனியாகச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். கிட்டே போனதும் தெரிந்தது, மிளகு.

"தினமும் ஓடுறாம்மா" என்றாள் மகள். "பள்ளிக்கூடத்துக்கு முன்னாடி இருபது சுத்து. சோர்ந்துட்டான்னு நீ சொன்னியாம்."

காரின் வேகத்தைக் குறைத்தேன்.

"அவ எங்கேம்மா சோர்ந்தா? அந்த ரெண்டு கோலும் அவ போட்டது. நின்னுட்டிருந்தது நான்."

"தெரிஞ்சும் ஏன்டி சொல்லலை?"

"லிஸ்ட் பாத்தப்பவே சந்தேகம்தான். ஆனா நீ தப்பு பண்ண மாட்டேன்னு நெனச்சேன்."

காரை நிறுத்தினேன். பெற்ற மகள் முன்னால் இப்படிக் கூசி நிற்க வேண்டிய நாள் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. அவள் எனக்கு முன்பே இறங்கி, டீம் ஜெர்சியைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டாள். உள்ளே பழைய டி-ஷர்ட் போட்டிருந்தாள். ஜெர்சியைக் கழற்றிக் கொடுக்கத் தயாராகத்தான் வந்திருக்கிறாள்.

மிளகு ஓட்டத்தை நிறுத்தி, மூச்சு வாங்கியபடி வந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். பனியன் மாறியதைப் பார்த்ததையும், மார்க்கைக் கூட்டும்போது வாயைத் திறந்து மூடியதையும் விடாமல் சொன்னேன். டீமில் அவள் இடம் அவளுக்குத்தான், இன்றே வரலாம், கமிட்டிக்கு நானே எழுதிக் கொடுக்கிறேன், இந்தப் பொறுப்பிலிருந்தும் விலகுகிறேன் என்றேன்.

அவள் இடத்தைப் பற்றிக் கேட்கவில்லை. ஜெர்சியையும் வாங்கவில்லை.

"அப்போ நான் சோரலையா ஆன்ட்டி?"

"இல்லைம்மா. சோரவே இல்லை."

கீழே பார்த்தாள். ஷூவின் முன்பக்கம் வாய் பிளந்திருந்தது. கயிற்றால் கட்டியிருந்தாள்.

"அம்மாகிட்ட நீங்களே வந்து சொல்லிருங்க" என்றாள். "நான் ரெண்டு வாரமா சொல்றேன், நான் சோரலைன்னு. நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு என்னைத்தான் திட்டுறாங்க."