படத்துக்குள் இருந்த இடம்

தொண்டு நிறுவனங்களும் சின்னச் சின்ன அருங்காட்சியகங்களும் கண்டபடி சேர்த்து வைத்திருக்கிற படங்களையும் ஒலிப்பதிவுகளையும் ஒழுங்குபடுத்திக் கொடுப்பது அவள் பிழைப்பு. யாரிடமும் மாதச் சம்பளம் கிடையாது. கூப்பிட்ட இடத்துக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போவாள். என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு விளக்கி விளக்கி அலுத்துப்போய், "கம்ப்யூட்டர்ல வீடு பெருக்கறேன்" என்று சொல்லப் பழகியிருந்தாள்.

அந்த வாரம் அவள் பெருக்கிக்கொண்டிருந்தது ஒரு பெண்கள் காப்பகத்தின் படங்களை. புருஷனிடம் உதைபட்டு ஓடிவந்தவர்கள் ஒளிந்திருக்கிற வீடு அது. வாசலில் பலகை இல்லை. தபால்கூட வேறு விலாசத்துக்குத்தான் போகும். அப்பேர்ப்பட்ட இடத்தின் இணையதளத்தில் யாரோ புதிதாக ஒரு படத்தை ஏற்றியிருந்தார்கள். தையல் மிஷின், அதன்மேல் முகம் தெரியாத ஒரு பெண்ணின் இரண்டு கைகள். அழகான படம்தான். ஆனால் போனில் எடுத்தது. எடுத்த இடம் இம்மி பிசகாமல் படத்துக்குள்ளேயே பதிந்து கிடந்தது. வரைபடத்தில் போட்டுப் பார்த்தாள். காப்பகத்தின் கூரைமேலேயே போய் நின்றது புள்ளி.

படத்தை உடனே தளத்திலிருந்து நீக்கிவிட்டு, காப்பகத்தை நடத்துகிற அக்காவுக்குப் போன் போட்டாள்.

"ஒரு படத்துக்குள்ள போய் விலாசம் இருக்குமா என்ன?" என்றாள் அக்கா.

"இருக்குக்கா. தபால்காரன்கூட இவ்வளவு சரியா வந்து நிக்க மாட்டான். அந்தக் கை யாரோடது?"

"நம்ம தையல்காரப் பொண்ணோடது. மூஞ்சிதான் தெரியலையேம்மா."

"மணிக்கட்டுல தழும்பு தெரியுதே. அந்தத் தழும்பைப் போட்ட புருஷனுக்கு அடையாளம் தெரியாதா?"

"ஐயோ" என்றாள் அக்கா.

"அவளை இப்பவே வேற எங்கயாவது அனுப்பிடுங்க. நானும் வந்துடறேன்."

அவள் போய்ச் சேர்ந்தபோது தையல்காரி தையல் அறையில் தன் துணிமணிகளைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். ஒல்லியான பெண். யாருக்கோ முடித்துத் தர வேண்டிய ஜாக்கெட்டை மட்டும் தேய்த்து வைத்துவிட்டு வருவதாகச் சொன்னாள். உயிர் போகிற நேரத்தில் ஜாக்கெட்டா என்று இவள் கேட்க வாயெடுத்தாள். அதற்குள் வாசல் மணி அடித்தது.

"டாக்சி வந்துடுச்சு போல" என்று அக்கா போய்க் கதவைத் திறந்தாள்.

வந்தவன் தையல்காரியின் புருஷன். மலை மாதிரி ஆள் ஒன்றும் இல்லை. துவைத்த சட்டை, படிய வாரிய தலை. பெண் பார்க்க வந்தவன் மாதிரி இருந்தான். கையில் மட்டும் முழ நீள ஸ்பேனர். ஒரு வார்த்தை பேசாமல் அக்காவின் தோளில் இறக்கினான். அக்கா சத்தம்கூடப் போடாமல் செருப்பு வைக்கிற அலமாரியோடு சரிந்தாள்.

நம் ஆளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு என்ன நினைத்தாளோ, தையல் அறைக் கதவை இழுத்துச் சாத்தி, அதற்கு முதுகு கொடுத்து நின்றுகொண்டாள்.

"தள்ளுங்க. இது எங்க குடும்ப விஷயம்" என்றான் அவன், மரியாதையாகவே.

"உள்ள யாரும் இல்ல."

ஸ்பேனர் அவள் இடது மணிக்கட்டில் விழுந்தது. காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம் முதலில் கேட்டது; வலி அப்புறம்தான் வந்தது. முடியைக் கொத்தாகப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினான். மறுபடியும் மோதினான். கண்ணுக்குள் ரத்தம் வழிந்தது. அப்போதும் அவள் கதவை விட்டு நகரவில்லை. நகரத் தெரியவில்லை என்பதே சரி.

கதவு உள்பக்கமாகத் திறந்துகொண்டது. அவள் மல்லாந்து விழுந்தாள். விழுந்தவளைத் தாண்டி வந்து நின்றாள் தையல்காரி. கையில் இஸ்திரிப் பெட்டி; பிடுங்கிய ஒயர் பின்னால் வால் மாதிரி தொங்கியது.

அவளைப் பார்த்ததும் அவன் சிரித்தான். "வா, வீட்டுக்குப் போகலாம்."

ஸ்பேனர் பிடித்த அவன் கைமேல் தையல்காரி பெட்டியை வைத்து அழுத்தினாள். அவன் அலறிக் குனிந்தபோது கன்னத்திலும் வைத்தாள். தோல் கருகிய நாற்றம் நடையெல்லாம் பரவியது. ஸ்பேனர் நழுவி உருண்டு வந்தது.

அதை எடுத்தவள் நம் ஆள்தான். ஜன்மத்தில் ஒரு பூனையைக்கூட விரட்டி அடிக்காதவள், உடையாத வலது கையால் ஓங்கி அவன் முழங்காலில் போட்டாள். விழுந்தான். மறுபடி போட்டாள். அவன் "அம்மா, அம்மா" என்று தரையைப் பிறாண்டினான். அவள் காதில் அது ஏறவே இல்லை. அடிக்க அடிக்க உடம்பெல்லாம் ஒரு ஆனந்தம் ஓடியது. தலையைப் பார்த்து ஸ்பேனரை ஓங்கினாள்.

தையல்காரி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "போதும்க்கா. செத்துத் தொலைச்சான்னா உங்களுக்குத்தான் கஷ்டம்."

வந்த பெண் இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கையில வெச்சது சரி, கன்னத்துல எதுக்கும்மா வெச்சே?" என்றாள்.

"ஒரு தடவை தேச்சா சுருக்கம் போகாதுங்க" என்றாள் தையல்காரி. இன்ஸ்பெக்டர் அவசரமாகத் திரும்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள்.

அவன் பிழைத்துக்கொண்டான், நொண்டிக்கொண்டே ஜெயிலுக்குப் போனான். அக்காவுக்குத் தோள் எலும்பு கூட நாளானது. தையல்காரியை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். எந்த ஊர் என்று இவளிடம் யாரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு அண்ணன் வந்தான். மாவுக்கட்டையும் தலைக்கட்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அந்தப் பொண்ணு என் கையைப் பிடிக்கலைன்னா கொன்னிருப்பேன்ணா" என்றாள். "பயத்துல இல்ல. நல்லா இருந்துச்சு."

அண்ணன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "அடி உதவற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்னு சும்மாவா சொன்னாங்க? அண்ணன் டிராபிக்ல மாட்டிக்கிட்டேன், அடிதானே வந்து நின்னுச்சு."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. விலா வலிக்க வலிக்கச் சிரித்தாள். அது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று அவளுக்கே தெரியவில்லை. அண்ணன் கைக்குட்டையைத் தேடினான், கிடைக்கவில்லை. தன் சட்டைக் கையாலேயே அவள் மூக்கைத் துடைத்துவிட்டான்.